குளிரும் சூடும் கேட்ட கல்யாணப் படகு

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்களிடம் யாராவது வந்து, "எத்தனை டன் ஏ.சி. போடலாம்?" என்று கேட்பார்கள். நம் தொழிலைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். உங்களுக்கும் பதில் நாக்கு நுனியில் நிற்கும். நீளம், அகலம், ஜன்னல் எந்தத் திசை, உட்காருகிறவர்கள் எத்தனை பேர் என்று மனக்கணக்குப் போட்டுச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். நான் ஒரு முறை சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் செவ்வாப்பேட்டைக்காரி. பேர் சகாயமேரி. வேலை பார்த்ததெல்லாம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஏ.சி. ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில். தினமும் காலையில் செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கே கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க ஓடுவேன். தொழிற்சாலைகளின் மின்பலகை அறைகள், குளிர்கிடங்குகள், எப்போதாவது ஒரு கல்யாண மண்டபம். இவைதான் எங்களுக்கு வந்த வேலைகள். படகு என்ற சொல்லை அலுவலகத்தில் நான் கேட்டதே இல்லை, முனிரத்தினம் வரும்வரை.

முனிரத்தினம் கவரைப்பேட்டைப் பக்கம் மண்டபம் வைத்திருப்பவர். அந்த மண்டபத்துக்கு ஏ.சி. போட்டது நாங்கள்தான். அந்த உரிமையில் நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், போட்டுக்கு ஏ.சி. போடணும்."

"போட்டோ ஸ்டுடியோவுக்கா சார்?"

"போட்டோவுக்குத்தான். ஆனா போட்டுல."

விளக்கம் கேட்டுப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது. இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் எங்காவது அழைத்துப்போய்ப் படம் எடுக்கிறார்கள் அல்லவா. பழவேற்காடு ஏரியில், பறவைகள் பின்னணியில், படகிலேயே அதை வைத்துக்கொண்டால் மண்டபத்துக்கும் சேர்த்து கிராக்கி கூடும் என்பது அவர் கணக்கு. முன்பக்கம் சுற்றிலும் கண்ணாடி வைத்த கூடம், பின்பக்கம் பெண் உடை மாற்ற ஒரு சின்ன அறை. படகு புதுவாயலில் தயாராகிக்கொண்டிருந்தது.

"வெயில்ல பொண்ணுக்கு மூஞ்சில போட்ட மேக்கப்பு கழுத்துக்கு வந்துடுது மேடம். மண்டபத்துல போட்ட மாரியே ரெண்டு பெருசா எட்த்து மேல வெச்சிடுங்க." எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "அப்பறம் ஒரு ஹீட்டரும் ஓணும்."

பக்கத்து மேசைக் கணக்காளர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கும்மிடிப்பூண்டியில், உருக்கு ஆலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் ஹீட்டர் கேட்கிறார். கேட்டதோடு இல்லாமல் பையிலிருந்து ஒரு வண்ணத்தாளையும் எடுத்து வைத்தார். யாரோ ஒரு விற்பனையாளர் கொடுத்திருக்கிறார். பனிக்கட்டிக்கு நடுவே ஒரு படகு, அதில் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் காபி குடிக்கிறார். டீசலில் எரியும் ஹீட்டராம்.

"எத்தன டன்னு போடலாம், சொல்லுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சிரித்திருந்தால் ஹீட்டர் எதற்கு என்று கேட்காமலேயே போயிருப்பேன். "படகப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

புதுவாயலில் அந்தோணியின் கொட்டகை. அந்தோணி ஃபைபரில் மீன்பிடிப் படகும் செய்வார், தண்ணீர்த் தொட்டியும் செய்வார். வரிசையாக நிறுத்திய தொட்டிகளுக்கு நடுவே அந்தப் படகு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ரெண்டும் ஒரே ஆளு செய்யுறீங்களே, கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இதுல இன்னாக்கா கஷ்டம்? தண்ணி உள்ள நின்னா டேங்கு, வெளிய நின்னா போட்டு" என்றார் அந்தோணி.

படகுக்குள் ஏறிக் கண்ணாடிக் கூடத்தில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் இட்லிப் பானைக்குள் இருப்பது போலாகிவிட்டது. அப்போது முனிரத்தினத்தின் மனைவி வனஜா வந்தார். மணப்பெண் அலங்காரத்தில் அந்த வட்டாரம் முழுக்கப் பேர் எடுத்தவர். மண்டபத்துக்கு வரும் பாதிக் கூட்டம் அவருடைய கைக்காகத்தான் வருகிறது என்பதை முனிரத்தினமே ஒத்துக்கொள்வார், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

ஹீட்டர் யாருக்கு என்று அவரிடம் கேட்டேன்.

"வேற யாருக்கு, பொண்ணுக்குதான். தை மாசத்துல வெடியகாலைல போட்டோ எடுக்கச் சொல்லோ, பொண்ண தண்ணில எறக்கி நிக்க வெப்பாங்க. பொடவ நனைஞ்சா படம் நல்லா வருமாம். அது அப்பிடியே நடுங்கிக்கினு உள்ள வரும். பல்லு அடிச்சிக்கும், ஒதடு நீலமாயிடும், தோலெல்லாம் புள்ளி புள்ளியா நிக்கும். அதும்மேல எங்கக்கா நான் மேக்கப்பு போடறது?"

"அப்போ முன்னாடி கூடத்துல?"

"அங்க மாப்ள கோட்டு மாட்டிக்கினு ஒக்காந்திருப்பாரு. ரெண்டு ஊட்டுப் பொம்பளைங்களும் பட்டு கட்டிக்கினு கீறாங்க. வெயில் ஏறுனதும் கண்ணாடிக்குள்ள கொட்டும் பாருங்க வேர்வ. இந்தாண்ட ஒருத்தி நடுங்குறா, அந்தாண்ட அத்தினி பேரும் வேர்த்துக்கினு கீறாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரே படகில் ஒரே நேரத்தில் ஒரு அறைக்குக் குளிர், இன்னொரு அறைக்குச் சூடு. பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் யாராவது ஒருவர் தினமும் அழுதிருப்பார்கள். வாங்குகிறவரிடம் விலையைப் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த அறைக்குள் நின்று வேலை செய்யப்போகிறவரிடம் பேசாமல் எந்த இயந்திரத்தையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அடுத்த சண்டை கூரையைப் பற்றியது. ஏ.சி.யின் பெரிய வெளிப்பெட்டிகள் இரண்டும் படகின் தலைமேல்தான் உட்கார வேண்டும் என்று முனிரத்தினம் பிடிவாதம் பிடித்தார்.

"மண்டபத்துல மாடியிலதான வெச்சீங்க?"

"மண்டபம் ஆடாது சார்."

"அந்தோணி கட்ன போட்டு அதுக்கு மேல நிக்கும்."

பாரம் மேலே ஏறினால் படகு எப்படிச் சாயும் என்று தாளில் போட்டுக் காட்டினேன். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "ரெண்டையும் எங்க வெக்கிறீங்க, முன்னாடியா பின்னாடியா?" என்றார். தாளில் புரியாதவருக்குத் தாளையே திரும்பத் திரும்பக் காட்டுவதில் பிரயோஜனம் இல்லை. வெறும் படகை ஏரியில் இறக்கிய அன்று, கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில், பெட்டிகளின் எடைக்குச் சரியாக மண்டபத்து அரிசி மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றிப் பார்ப்போம் என்றேன். யாரும் மேலே ஏறக் கூடாது, மூட்டைகளைக் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னேன்.

மூட்டைகள் ஏறின. படகு லேசாக யோசிக்க ஆரம்பித்தது. ஆட்கள் கோணலாக வைத்துவிட்டார்கள், அதனால்தான் ஆடுகிறது என்று முனிரத்தினத்துக்குத் தோன்றியது. நான் கையைப் பிடிப்பதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். ஒரு மூட்டையை அவர் நிமிர்த்தினார். படகு அவர் பக்கம் சாய்ந்தது. மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. கடைசி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடியே அவரும் கிளம்பினார்.

கரையிலிருந்து வனஜாவின் குரல் வந்தது. "அரிசி நனைஞ்சிடுச்சா?"

சற்றுப் பொறுத்து, "அவுருக்கு இன்னா ஆச்சு?" என்றும் கேட்டார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையில் பாசியோடு எழுந்து நின்றார். அதற்குப் பிறகு கூரை என்ற பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை.

இயந்திரங்கள் கீழேதான் என்று முடிவானதும், சூட்டை எங்கே தள்ளுவது என்ற கேள்வி வந்தது. கடலில் போகும் படகுகளில் கடல்நீரையே உள்ளே இழுத்து, சூட்டை ஏற்றி, வெளியே துப்புவார்கள். பழவேற்காட்டில் அதைச் செய்தால் பாதி ஏரி சேறும் பாசியுமாக உள்ளே வந்துவிடும். அதனால் படகின் அடியில் ஒரு பள்ளம் விட்டு, அதில் குழாய்களைப் பதித்து, அவற்றுக்குள் நல்ல தண்ணீரைச் சுற்றவிட்டோம். ஏரித்தண்ணீர் வெளியே இருந்தபடியே சூட்டை வாங்கிக்கொள்ளும். கூடத்துக்கு ஒன்று, பின்னறைக்கு ஒன்று என இரண்டு சின்ன இயந்திரங்கள். இரண்டுமே சுவிட்சைத் திருப்பிப் போட்டால் சூடும் கொடுக்கிற வகை. டீசல் ஹீட்டர் தேவையே இல்லாமல் போயிற்று. அந்த வண்ணத்தாளை அந்தோணி வாங்கிக் கொட்டகையில் ஒட்டிக்கொண்டார். பார்த்தால் குளுகுளுவென்று இருக்கிறதாம்.

மின்சாரத்துக்கு ஒரு ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் படகின் பின்முனையில் நேராக வெளியே போக வேண்டும் என்று வரைந்து கொடுத்தேன், அப்படியே பொருத்தினார்கள், நானே பார்த்தேன்.

தை மாதம் முதல் புக்கிங் வந்தது. பெண் திருவள்ளூர். மாப்பிள்ளை கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் ஷிஃப்ட் இன்ஜினியர். முதல் ஓட்டம் என்பதால் நானும் ஏறினேன். பெண், மாப்பிள்ளை, கேமராக்காரர், வேண்டிய நாலு பேர் என்றுதான் பேச்சு. வந்ததோ ஒரு வேன் நிறைய. யாரை இறக்கிவிட்டாலும் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்ததால் எல்லாரையும் ஏற்றிக்கொண்டார் முனிரத்தினம். உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் இருந்தது. பட்டுப்புடவை மேல் அதை மாட்டச் சம்மதிக்க வைப்பதற்குள் சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது.

தண்ணீரில் நின்று எடுக்க வேண்டிய படங்கள் முடிந்தன. வனஜா சொன்னது போலவே பெண் நடுங்கிக்கொண்டு வந்தாள். பின்னறைக்குள் வனஜா அவளை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அங்கே இதமான சூடு. முன்னால் கூடத்தில் அத்தைகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிர். ஒரே படகில் பின்னால் சித்திரை, முன்னால் மார்கழி. என் வேலையை நானே மெச்சிக்கொண்டு ஒரு மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தேன்.

கேமராக்காரருக்குப் பூநாரைகள் இன்னும் கிட்டத்தில் வேண்டுமாம். படகோட்டி, "அந்தாண்ட சேத்து மேடு சார், அடி தட்டும்" என்றார். "கொஞ்சூண்டு போப்பா" என்றார் முனிரத்தினம். படகு கொஞ்சூண்டு போயிற்று. பிறகு போகவில்லை. சேற்றில் அவ்வளவு மெதுவாக உட்கார்ந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கேமராக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். எவ்வளவு நேரமானாலும் பறவைகள் அதே அளவில் இருக்கின்றன என்றார்.

அடுத்தது கூடத்து ஏ.சி. குழாய்கள் சேற்றில் புதைந்துவிட்டன, சூடு வெளியே போக வழியில்லை, இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிட்டது. முனிரத்தினம் சுவிட்ச் பக்கம் ஓடினார்.

"ஒரே ஒருவாட்டி அமுக்கிப் பாக்கட்டா?"

"வேணாம் சார். அது காரணத்தோடதான் நின்னிருக்கு. திரும்பத் திரும்ப அமுக்குனா கம்ப்ரஸர் போயிடும்."

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, "ஏ.சி. போட்டுன்னு சொல்லித்தான இட்டாந்தீங்க? இது இன்னா பேஜாரா கீது" என்றார். நான் கூடத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பின்னால் இருக்கும் மின்பலகையைப் பார்க்கப் போனேன்.

பின்னறைக் கதவு திறந்தது. வனஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எக்கா, மாத்திர எதுனா வெச்சிக்கினு கீறீங்களா? தல வெடிக்குது. எனக்குத் தலவலியே வராது."

உள்ளே பெண் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். "எனக்கும் ஆன்ட்டி. கொமட்டிக்கினு வருது."

எனக்குப் பின்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். முனிரத்தினம், "காலைல நாஷ்டா துன்னாம வந்துச்சி, அதான்" என்றார். பெண்ணின் அம்மா, "நேத்து பூரா தூங்கல" என்றார். ஓர் அத்தை, கண் பட்டிருக்கும் என்றார். எல்லாமே நடக்கக் கூடியவைதான். நானும் தலையாட்டிவிட்டு மாத்திரையைத் தேடியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மூடிய ஓர் அறை. பக்கத்தில் ஓடுகிற ஓர் எஞ்சின். உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. காரணம் யோசிக்க இது நேரமில்லை. நாஷ்டா சாப்பிடாதது பெண்தான், வனஜா இல்லை என்று வாதாடவும் நேரமில்லை. நான் வனஜாவின் கையை ஒரு கையிலும் பெண்ணின் கையை இன்னொரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு திறந்த முன்தளத்துக்கு நடந்தேன். போகிற வழியிலேயே, "ஜெனரேட்டர நிறுத்துங்க, எல்லாரும் வெளிய வாங்க" என்று சத்தம் போட்டேன். பெண்ணின் அம்மாவைத் தவிர யாரும் நகரவில்லை. பெண்ணை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு நானே திரும்பி ஓடி அணைத்தேன்.

திடீரென்று ஏரி முழுக்க அமைதி. பறவைகளின் சத்தம் மட்டும்.

"இன்னா மேடம் பண்றீங்க? மொதோ புக்கிங்கு. மானம் போவுது." முனிரத்தினத்தின் முகம் சிவந்திருந்தது.

"மானத்த அப்புறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல அந்தப் பொண்ணு மூச்சு விடட்டும்."

நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஒரு கல்யாணக் கூட்டத்தின் நாளைக் கெடுத்தவள் ஆவேன். ஆகட்டும் என்று இருந்தேன். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிப் பெண்ணின் தோளில் போட்டார். காற்று நன்றாக வீசியது. மெல்ல மெல்லப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வனஜா, "கொறையுதுக்கா" என்றார்.

அப்புறம்தான் பின்முனையைப் போய்ப் பார்த்தேன். நேராகப் போக வேண்டிய புகைக்குழாய் பக்கவாட்டில் வளைந்திருந்தது. வளைந்து, பின்னறைக்குக் காற்று போகும் துவாரத்துக்கு நேர் கீழே வாயைத் திறந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று படம் எடுக்கும்போது சத்தம் காதைப் பிளக்கிறது என்று கேமராக்காரர் சொல்லியிருக்கிறார். முனிரத்தினம் என்னிடம் சொல்லாமல் அந்தோணியை விட்டுத் திருப்பியிருக்கிறார். படகு ஓடும்வரை காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நின்றதும் புகை நேராக உள்ளே போயிருக்கிறது; மேக்கப் மணத்தில் அதன் வாடை தெரியவில்லை. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலிக்குப் பிறகு அது மயக்கத்தைக் கொடுக்கும், மயக்கத்துக்குப் பிறகு எழுந்திருக்க விடாது.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன், திட்டவில்லை. அவர் குழாயைப் பார்த்தார். துவாரத்தைப் பார்த்தார். முன்தளத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

கரைக்குப் போக வேண்டும், படகோ அசையவில்லை. பாரம் இறங்கினால் நகரும் என்றார் படகோட்டி. தண்ணீர் முழங்கால் அளவுதான். இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தப் பக்கம் முதலில் பட்டை நனைப்பது என்பது சம்பந்திகளுக்கு நடுவே சின்ன விஷயம் இல்லை. கடைசியில் பெண்ணின் அம்மா கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே அத்தைகள், சித்திகள், கோட்டில்லாத மாப்பிள்ளை. சேறு வழுக்கியதால் யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சற்றுமுன் சண்டைக்கு வந்த மாமா பெண்ணின் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, வுட்டுடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பெண்ணும் வனஜாவும் மேலேயே இருந்தார்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று நானும் மேலேயே இருந்துகொண்டேன். பொறியாளர்களுக்கு அந்த ஒரு சலுகை உண்டு.

எல்லாரும் சேர்ந்து தள்ளப் படகு நகர்ந்தது. கேமராக்காரர் அதையெல்லாம் எடுத்துத் தள்ளினார். பட்டுப்புடவையும் ஆரஞ்சு அங்கியுமாக இரண்டு குடும்பமும் ஏரி நடுவில் நின்று படகு தள்ளுகிற படத்தைத்தான் பிறகு வரவேற்பு வாசலில் பெரிதாக வைத்தார்கள். கரை சேர்ந்ததும் பெண்ணையும் வனஜாவையும் பொன்னேரியில் டாக்டரிடம் காட்டினோம். ஆக்சிஜன் வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று அனுப்பினார். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா கதையே வேற" என்று அவர் சொன்னபோது முனிரத்தினம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

படகு மறுபடி கொட்டகைக்கு வந்தது. புகைக்குழாய் பழையபடி நேரானது. காற்றுத் துவாரத்தை முன்பக்கத்துக்கு மாற்றினோம். இரண்டு அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்தேன். இத்தனை பேர்தான் ஏறலாம் என்று வனஜாவே கறாராகச் சட்டம் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழாய்ப் பக்கம் அந்தோணி போனால்கூட, "நைனா, கைய வெக்காத, மேடத்துக்குப் போன் போடு" என்பார் முனிரத்தினம்.

மறுபடி ஏரியில் இறக்கிய அன்று கரையோரம் படகிலேயே பூஜை. ஐயர் முன்தளத்தில் மந்திரம் சொன்னார். உறவுக்காரர்கள், அந்தோணி குடும்பம், எங்கள் ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் கூடத்தில் நிறைந்திருந்தோம். கண்ணாடியெல்லாம் சாத்தி, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வனஜா தூபக்கரண்டியில் தணல் நிறையப் போட்டு, சாம்பிராணி தூவி, கரண்டியைக் கூடம் முழுக்கக் காட்டிக்கொண்டு பின்னறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அலாரம் அலற ஆரம்பித்தது.

மூடிய அறையில் கரித்தணல் கனன்றாலும் அந்த வாயு வரும். அலாரம் தன் வேலையைத்தான் செய்தது. ஆனால் வெறும் சாம்பிராணிக்குப் போய் இப்படிக் கத்துகிறதே என்று கூடம் முழுக்கச் சிரிப்பு. ஐயரும் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஜெனரேட்டரை அணைத்தார். மனைவியின் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தண்ணீரில் வீசினார். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பிறகு வாசலில் நின்று, கைகளை விரித்து, கோழிகளை விரட்டுவது போல எங்கள் எல்லாரையும் கரைக்கு இறக்கினார்.

"சிரிக்கிறவங்கல்லாம் வெளிய நின்னு சிரிங்க" என்றார்.